பஞ்சு

மாத்திரை டப்பாவுக்கு ஒரு சத்தம் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, முப்பது மாத்திரை, ஈரம் இழுக்க உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலுப்பை தோற்றுவிடும். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா திரும்பி, "என்ன கண்ணு, மாத்திரையா? சுகரா?" என்று கேட்டுவிடுவார்.

அதனால், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவர்களில் பலர், மாத்திரையை வாங்கிய கையோடு வராந்தா மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். முதலில் லேபிள். நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுப்பார்கள். ஒரே உரியாக வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் குழாயடியில் நனைத்துச் சுரண்டுவார்கள். பிறகு பஞ்சு. டப்பாவுக்குள் திணித்து, மூடியைத் திருகி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வரவில்லை என்றதும் டப்பா பைக்குள் போகும். இனி பஸ் ஏறலாம்.

2007-ல் இந்த வேலைக்கு வந்தேன். முதலில், எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் கவுன்சிலர். ரத்தம் எடுப்பதற்கு முன்னும் முடிவு வந்த பின்னும் உட்காரவைத்துப் பேசுகிற வேலை. பிறகு கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றினார்கள். நான் வந்த பிறகு மட்டும் அந்த டப்பாவுக்குள் இருக்கும் மாத்திரை மூன்று தடவை மாறிவிட்டது. பஞ்சு அப்படியே இருக்கிறது. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் வருகிற ஆட்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி ஊரையும் உறவையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். என் மாமாவை மட்டும் மாற்றவில்லை.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன் என்பேன். அது பாதிதான். அம்மாவின் தம்பி லாரி ஓட்டினார். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் லாரி, இல்லாவிட்டால் போர் போடும் ரிக் வண்டி என்றிருந்த காலம். மாமாவுடையது நேஷனல் பெர்மிட் வண்டி. ஒரு டிரிப் போனால் இருபது, இருபத்தைந்து நாள். திரும்பி வரும்போது நாக்பூர் ஆரஞ்சு ஒரு சாக்கு நிறைய இறங்கும், தெரு முழுக்கப் பங்கு போகும். 1996-ல் கல்யாணம் ஆனது. 1998 கடைசியில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வாய்க்குள் தயிர் தடவியதுபோல் வெள்ளை படர்ந்தது. எண்பது கிலோ ஆள், அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தார்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று மாமாவிடம் சொல்லவில்லை. முடிவு வந்ததும் அதையும் அவரிடம் சொல்லவில்லை. தாத்தாவைக் காரிடாரில் நிறுத்தி, போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி சொன்னார்கள். அன்று சாயங்காலமே பெட் இல்லை என்றார்கள். காலையில் இருந்த பெட் அது. அங்கிருந்து தாம்பரம். சானடோரியம் என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். டி.பி.க்காகக் கட்டிய பழைய ஆஸ்பத்திரி, 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் பாயோடு வந்து இறங்கினார்கள். எல்லாக் கதவும் சாத்திய பிறகு திறந்திருந்த கதவு அது. அங்கே டி.பி.க்கு மருந்து கொடுக்க முடிந்தது, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்க முடிந்தது. வைரஸுக்குக் கொடுக்க அவர்களிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். மாட்டுக் கொட்டாயை ஒட்டிக் கயிற்றுக் கட்டில் போட்டார்கள். அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டிலும் கல்யாணத்துக்கு வெட்டிய பெயர் இருந்தது. பாட்டி ரசம் ஊற்றும்போது கரண்டியை ஒரு முழம் மேலே தூக்கிப் பிடிப்பார், தட்டில் பட்டுவிடக் கூடாதென்று. பெற்ற தாய். அவரைக் குறை சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடச் சுவரில் எல்லாம் மண்டையோடும் எலும்பும் போட்டு "எய்ட்ஸ் உயிர்க்கொல்லி" என்று எழுதியிருந்தது. தொட்டால் வராது என்பதும் அதே சுவரில் எங்கோ கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. படத்தைத்தான் பார்த்தார்.

1999 ஐப்பசி மழையில் மாமா போனார். குளிப்பாட்ட யாரும் வரவில்லை. அப்பாவும் மாமாவின் கிளீனர் பையனும்தான் செய்தார்கள். அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பதினாறாம் நாள் முடிந்ததும் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தையைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பார்த்து என்ன செய்வதென்று விட்டிருப்பார்கள்.

அந்த வைரஸ் இந்தியாவில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான். இது நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் போதுமான அளவு இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. 1986. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்காக ஒரு வேலை கொடுத்தார்: பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்துப் பார். எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நம் பண்பாட்டுக்குள் நுழையாது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். நிர்மலாவுக்கே நம்பிக்கை இல்லை. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, சிறைக்கூடம் போன்ற காப்பகத்தில் மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதியில்லை. ராத்திரி ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. அங்கே ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. மறுபடி எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிபார்த்தும் அதே முடிவு. அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். சுனிதி சாலமன் பிறகு அரசு வேலையை விட்டு வெளியே வந்து, எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, 2015-ல் இறக்கும்வரை அதே வேலையாக இருந்தார். அந்த ஆறு பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

2003 வாக்கில் நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது ரோட்டோரத் தட்டிகளில் ஒரு கேள்வி முளைத்தது. "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" அவ்வளவுதான். கீழே விளக்கம் கிடையாது. யார் அந்தப் புலிராஜா? பஸ்ஸில் பையன்கள் ஒருவனை ஒருவன் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாட்டி நிஜமாகவே கவலைப்பட்டு, "யாரு சாமி அது, நம்மூர்ப் பையனா?" என்று கேட்டார். பின்னால்தான் தெரிந்தது, ஆணுறைப் பிரச்சாரம். அதைத் திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. மண்டையோடு இல்லாமல் அந்தச் சொல் எங்கள் ஊருக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் எய்ட்ஸ் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது. 2001-ல் தமிழ்நாட்டில் பிரசவத்துக்கு வரும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. அது பிறகு பல மடங்கு இறங்கியதில் லாரிப்பேட்டைகளில் ஆணுறைப் பெட்டியைச் சுமந்து நடந்தவர்களுக்கும் புலிராஜாவுக்கும் பங்குண்டு.

மாத்திரைக்கு வருகிறேன். மாமா இறந்தபோது மருந்தே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இருந்தது. 1996-லேயே மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் சாகக் கிடப்பவர் எழுந்து நடப்பார் என்று மேல்நாட்டில் நிரூபித்துவிட்டார்கள். விலை, ஆள் ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பை மருந்துக் கம்பெனியான சிப்லாவின் யூசுப் ஹமீது, அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னார். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 2005-ல் திருத்தும்வரை, மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் தந்தது. வேறு முறையில் செய்துகொள்ள முடிந்தது. அந்தச் சட்டம் வாங்கிக்கொடுத்த விலை அது. ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் அந்த ஒரு அறிவிப்பால் பிழைத்தார்கள் என்று நினைத்துப்பார்க்கையில் உடம்பு சிலிர்க்கும்.

ஆனாலும் 350 டாலர் என்பது அன்றைக்குப் பதினாறாயிரம் ரூபாய். படி காசில் குடும்பம் நடத்தும் டிரைவருக்கு அதுவும் எட்டாது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. மாமா படுத்திருந்த அதே வளாகம். நாலரை வருடம் தாமதம்.

அந்த முதல் மாத்திரை உயிரைக் கொடுத்தது, முகத்தை எடுத்துக்கொண்டது. ஸ்டாவுடின் என்று ஒரு மருந்து அதில் இருந்தது. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்துச் சதை கரைந்து, கைகால்களில் நரம்பு புடைத்து நிற்கும். உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். நோய் வெளியே தெரியக் கூடாதென்று ஆயிரம் வேலை செய்துவிட்டு, கடைசியில் மருந்தே முகத்தில் எழுதி ஒட்டிவிடும். சந்தையில் ஒருவர் முகத்தைப் பார்த்தே, இவர் எங்கள் மையத்து ஆள் என்று என்னால் சொல்ல முடிந்தது. எனக்குத் தெரிந்தால் மற்றவருக்கும் தெரியும்தானே. அடுத்து ஜிடோவுடின், சிலருக்கு ரத்தம் சுண்டிப்போகும், நகம் கறுக்கும். பிறகு ராத்திரி ஒரே மாத்திரை என்று வந்தது பெரிய ஆறுதல். ஆனால் அதிலிருந்த எஃபாவிரென்ஸ் கனவுகளைக் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் சொல்வார்: "ஏனுங்க மேடம், தினமும் ராத்திரி மேட்டூர் டேம் தண்ணி மேல வண்டி ஓட்டறனுங்க. பிரேக் புடிக்க மாட்டேங்குது." காலையில் எழுந்தால் களைப்பாக இருக்கிறதாம், சம்பளம் மட்டும் வருவதில்லையாம்.

இப்போது கொடுப்பதில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. எங்களுக்குச் சுருக்கமாக டி.எல்.டி. பெரும்பாலானோருக்கு எரிச்சலும் இல்லை, கனவும் இல்லை. நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கிறோம். வருகிற புகார் ஒன்றுதான்: எடை கூடுகிறது. போன வருடம் ஒரு அக்கா என் எதிரே உட்கார்ந்து, "ஜாக்கெட் எல்லாம் புடிக்குது மேடம், ஆறு ஜாக்கெட் பிரிச்சுத் தெச்சாச்சு" என்று சண்டை போட்டார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மாமாவின் சட்டை ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவு நல்ல மருந்துன்னா அப்புறம் ஏன் ஆயுசு முழுக்கச் சாப்பிடோணும்?" எல்லோரும் கேட்கும் கேள்வி. எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்தது பயிற்சி வகுப்பு இல்லை, எங்கள் வயல். கோரை தெரியும்தானே? மேலே எவ்வளவு வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். வெட்டுவதை நிறுத்திப் பத்து நாள் தண்ணீர் பாய்ச்சினால் மறுபடி பச்சைப்பசேல் என்று நிற்கும். இந்த வைரஸும் உடம்பின் சில அணுக்களுக்குள் புகுந்து, நம் மரபணுவோடு தன்னை ஒட்டிக்கொண்டு தூங்கும். மாத்திரை ஓடுகிற வைரஸைத்தான் பிடிக்கும், தூங்குகிறதைப் பிடிக்காது. இதைச் சொன்னதும் குடியானவர்கள் தலையாட்டுவார்கள். அப்புறம் அவர்களிடம் மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்ல வேண்டியதே இல்லை. கிழங்கையே பிடுங்கிய கதையும் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்காக பெர்லினில் எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட டிமோத்தி ரே பிரவுன்தான் முதல் ஆள். அந்த மஜ்ஜையைக் கொடுத்தவர் இந்த வைரஸ் நுழைய வாசல் இல்லாத அணுக்களோடு பிறந்தவர். அவருக்குப் பின்னும் விரல்விட்டு எண்ணும்படி சிலர் அப்படிக் குணமாகியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிகிச்சையே ஆளைக் கொல்லக்கூடியது. புற்றுநோய் இல்லாதவருக்கு யாரும் செய்யமாட்டார்கள்.

சொல் விஷயத்திலும் சில கூத்துகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம் "ரிசல்ட் பாசிட்டிவ்ங்க" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷமுங்க" என்று எழுந்துவிட்டார். ஓடிப்போய் அழைத்துவந்து, மறுபடி உட்காரவைத்துச் சொன்னேன். அந்த இரண்டு நிமிடச் சந்தோஷ முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து பாசிட்டிவ் என்ற சொல்லை முதல் வாக்கியத்தில் வைப்பதில்லை.

இன்னொன்று என் தப்பு. 2009-ல் இளம் தம்பதி. கணவருக்கு இருக்கிறது, மனைவிக்கு இல்லை. குழந்தை வேண்டும் என்றார்கள். "அந்த ஆசையை விட்டுடுங்க. அவங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றேன். கோபமாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். 2011-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள தம்பதிகள் 1,763 ஜோடி, ஒன்பது நாடுகள். சென்னையிலும் புனேயிலும் இருந்தவர்களும் அதில் உண்டு. தாமதிக்காமல் கூட்டு மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. பின்னால் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவில் துணைக்குப் பரவவே இல்லை. வைரல் லோடு ரிப்போர்ட்டில் அதை டி.என்.டி. என்று போடுவார்கள், தேடியது தென்படவில்லை என்று பொருள். அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் எங்கள் மையத்தில் பரீட்சை பாஸானதுபோல் ரிப்போர்ட்டை நீட்டிக் காட்டுவார்கள்.

அந்தத் தம்பதி 2018-ல் மறுபடி என்னிடம் வந்தார்கள். அவருக்கு டி.என்.டி. வந்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் 2009-ல் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. டாக்டரிடம் பேசச் சொன்னேன், பயப்படாதீர்கள் என்றேன். அந்த அம்மா கேட்டார்: "ஒம்பது வருசம் முன்னாடி இதைச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குழந்தை தங்கவில்லை.

அம்மாவுக்கே இருந்தாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்பதைத்தான் இந்தத் துறையிலேயே பெரிய வெற்றி என்பேன். ஒன்றும் செய்யாமல் விட்டால் நூறு குழந்தைகளில் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் வரலாம். கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தால் அது இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். குழந்தைக்கு ஆறு வாரத்தில் முதல் சோதனை. சின்னஞ்சிறு குதிகாலைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்து. பாலிதீன் உறையில் வரும் தடித்த அட்டையில் ஐந்து வட்டம் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சொட்டு, வட்டம் நிறையவேண்டும், ஆனால் வழியக் கூடாது. குழந்தை வீறிட்டு அழும். அம்மா குழந்தையைப் பார்க்காமல் அட்டையைப் பார்ப்பார், அந்த ஐந்து வட்டமும் காய்ந்து பழுப்பாகும் வரைக்கும். பதினெட்டு மாதத்தில் கடைசிச் சோதனை. அதில் இல்லை என்று வந்துவிட்டால் அந்தக் குழந்தை எங்கள் பதிவேட்டைவிட்டுப் போய்விடும். எங்கள் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படுவதில் நாங்கள் சந்தோஷப்படும் காரணம் அது ஒன்றுதான்.

மருந்து எப்போது தொடங்குவது என்பதும் மாறியது. சி.டி.4 என்று ஒரு எண்ணிக்கை, உடம்பின் காவல்காரர்களைத் தலையெண்ணுவதுபோல. முன்பெல்லாம் 200-க்குக் கீழே விழுந்தால்தான் மருந்து. பிறகு 350, பிறகு 500. 2017-ல் எண்ணிக்கையே பார்க்கவேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தாலே எல்லோருக்கும் மருந்து என்றாயிற்று. அதற்கு முன் எத்தனை பேரிடம் "உங்களுக்கு இன்னும் அந்த அளவுக்கு வரலீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் ஆறு மாதம் கழித்து வரவில்லை.

அதே 2017-ல் எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ இதற்காக விலக்கக் கூடாது. மாமாவுக்கு நடந்த மூன்றும் இப்போது சட்டவிரோதம். ஆனால் சட்டம் வந்து சில மாதம் கழித்து, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போன எங்கள் மையத்து ஆள் ஒருவரின் கேஸ் ஷீட் மேலட்டையில் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருந்தார்கள். வேறு ஊர், தனியார் ஆஸ்பத்திரி. நான் போன் செய்து சட்டத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஸ்டாஃபோட சேஃப்டி மேடம்" என்றார். டி.என்.டி. என்றேன். "அப்படின்னா?" என்றார். ஆபரேஷன் தியேட்டர் வைத்திருக்கிற இடம்.

உலகக் கணக்கில் பார்த்தால் நல்ல செய்திதான். 2004-ல் எய்ட்ஸால் இருபது லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள்; 2023-ல் ஆறு லட்சத்துச் சொச்சம். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனகாபவிர் என்ற ஊசியை இளம்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. நோய் இல்லாதவருக்கு வராமல் தடுக்கும் ஊசி. அதைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை. அமெரிக்காவில் அதன் விலை வருடத்துக்கு இருபத்தெட்டாயிரம் டாலர். 2027-லிருந்து ஹைதராபாத் கம்பெனிகள் இரண்டு அதையே வருடத்துக்கு நாற்பது டாலர் அளவில் ஏழை நாடுகளுக்குத் தரப்போவதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. படித்தபோது 2001 ஞாபகம் வந்தது.

ஆனால் போன ஐப்பசியில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதுகூட இல்லை. சி.டி.4 எண்ணிக்கை 31. மூளைவரை டி.பி. எச்.ஐ.வி. உள்ளவர்களை இன்றும் அதிகமாகக் கொல்வது டி.பி.தான். தனக்கு இருப்பது அவருக்கு ஆறு வருடமாகத் தெரியுமாம். நம்பிக்கை மையத்தில் சோதித்து, எங்களுக்குச் சீட்டும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்திருக்கிறார். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அவருடைய ஊர்க்காரர். திரும்பிப் போய்விட்டார். எட்டு நாள் இருந்தார். மாத்திரை என் மேஜையிலிருந்து இருபதடி தூரத்து அலமாரியில் அடுக்கியிருந்தது.

அத்தை உயிரோடு இருக்கிறார். 2005-ல் அவரைச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இருந்தது. இருபது வருடமாக மாத்திரை, ஐம்பதை எட்டப் போகிறார், தறியில் வேலை, சொந்தமாக இரண்டு ஆடு. எங்கள் மையத்துக்கு வரமாட்டார். நான் இருக்கும் இடத்துக்கு அவர் வந்தால் ஏன் வருகிறார் என்று கேள்வி வருமாம். இரண்டு பஸ் மாறி வேறு ஜில்லாவுக்குப் போய் வாங்குகிறார். பஞ்சு வைக்கும் வித்தையை முதன்முதலில் எனக்குக் காட்டியது அவர்தான். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், இலவம்பஞ்சு வை, அடக்கமாக உட்காரும் என்பார். அதிலும் ஒரு கைப்பக்குவம்.

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு பஞ்சுச் சுருள் எப்போதும் இருக்கும். ரெஜிஸ்டரில் வராத பொருள், என் காசு. கேட்பவர்களுக்குக் கிள்ளிக் கொடுப்பேன். கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு மாத்திரை வாங்கும் முன்பே கொடுத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். அம்மா வழியில் பிறவியிலேயே வந்தது, சிரப்பிலிருந்து தொடங்கியவன், எங்கள் கண் முன்னால் வளர்ந்தவன். இருபத்திரண்டு வயது, உணவு டெலிவரி சட்டை, தலையில் ஹெல்மெட். அவசரம். மூன்று டப்பாவையும் வாங்கி ஒன்றை அங்கேயே திறந்தான். பழக்கத்தில் நான் கிள்ளிக் கொடுத்த பஞ்சைத் திருப்பி மேஜையில் வைத்தான்.

"இது வேண்டாமுங்க மேடம். மாத்திரை எடுக்கறப்ப விரல்ல ஒட்டிக்குது."

ஒரு மாத்திரையை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்து, டப்பாக்களை டெலிவரிப் பையில் எறிந்துவிட்டுப் போனான். வராந்தாவின் கடைசிவரைக்கும் சத்தம் கேட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்து நின்ற அம்மா, முந்தானையால் பாதி முகத்தை மறைத்திருந்தவர், மேஜையை நெருங்கி மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தம்பி வெச்சிட்டுப் போன பஞ்ச எனக்குக் குடுங்க கண்ணு."